அப்பாஸ்ட்ரஃபி நடத்தினதுல இருந்து எல்லா எஸ்ஸுக்கும் மேல் கமா போடுறாங்க, என்ன செய்யலாம்?

நாலாங்கிளாஸ்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில நாலாம் வகுப்பையும் அஞ்சாம் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிறேன். ஃபோன்ல தமிழ் கீபோர்டு மட்டும்தான், அதனால இங்கிலீஷ் வார்த்தையையும் தமிழ்லயே அடிக்கிறேன். பொறுத்துக்கோங்க.

போன வாரம் நாலாம் வகுப்புக்கு பொசசிவ் நடத்தினேன். பசங்களோட சாமானையே மேஜையில பரப்பி வெச்சு, "இது யாரோட பை? ரவியோட பை. ரவி'ஸ் பேக்", "இது யாரோட பென்சில்? கவிதா'ஸ் பென்சில்"னு நடத்தினா நல்லாவே பிடிச்சுக்கிட்டாங்க. கோடிட்ட இடம் நிரப்புற தாள் ஒண்ணு கொடுத்தேன். முக்கால்வாசிப் பேர் எல்லாமே சரியா எழுதியிருந்தாங்க. எனக்கும் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை "மை வில்லேஜ்"னு சொந்தமா அஞ்சு வரி எழுதச் சொன்னேன். நோட்டைத் திருத்த உட்கார்ந்தா தலை சுத்துது. "மெனி கவ்'ஸ் ஆர் தேர்." "மை ஃபாதர் கோ'ஸ் டு மார்க்கெட்." "ஹி செல்'ஸ் டொமேட்டோ'ஸ்." ஒருத்தன் "திஸ் இஸ் மை வில்லேஜ்"ல திஸ், இஸ் ரெண்டுக்கும் போட்டு வெச்சிருக்கான். ஆனா நிஜமாவே வேணும்கிற இடத்துல காணோம்! "மை ஃபாதர் ஷாப் இஸ் பிக்"னு எழுதுறாங்க. அங்க எஸ்ஸும் இல்ல, கமாவும் இல்ல.

இன்னொண்ணு. பாதிப் பேர் அந்தக் குறியை எஸ்ஸோட தலைக்கு நேர் மேல வைக்கிறாங்க. எஸ்ஸுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எனக்கே கண்டுபிடிக்க முடியல.

நடத்துறதுக்கு முன்னாடி இந்தப் பசங்க பன்மையை ஒழுங்காத்தான் எழுதிக்கிட்டிருந்தாங்க. இப்ப அதுவும் போச்சு. திரும்ப முதல்ல இருந்து நடத்தணுமா? அஞ்சாம் வகுப்புக்கு பாய்ஸ்' மாதிரி பன்மையையும் நடத்தணும், அதை நினைச்சாலே பயமா இருக்கு.

---

மதுரைக்காரன்_77

விதியை சார்ட்ல எழுதி ஒட்டிடுங்க மேடம். தப்பு விட்டவங்களை ஒவ்வொரு தப்புக்கும் பத்து தடவை எழுதச் சொல்லுங்க. எங்க வாத்தியார் அப்படித்தான் செஞ்சார், இன்னிக்கு வரைக்கும் மறக்கல.

---

பழைய_சாக்பீஸ்

டீச்சர், நான் திருநெல்வேலிப் பக்கம் தொடக்கப் பள்ளியில ஹெச்.எம்.மா இருந்து ரிட்டயர் ஆனவன். கொஞ்சம் நீளமா எழுதுவேன், நேரம் கிடைக்கும்போது படியுங்க.

முதல்ல, பத்து தடவை எழுதுறது வேண்டாம். கை வலிக்கும், அவ்வளவுதான். ஏழாவது தடவைக்கு மேல பிள்ளை வார்த்தையையே பார்க்காது. மேலயிருந்து கீழ எஸ்ஸா எழுதிட்டு வரும், அப்புறம் மேல் கமாவா போட்டுக்கிட்டு வரும்.

நீங்க கொடுத்த பயிற்சித் தாளை ஒருக்கா எடுத்துப் பாருங்க. அதுல இருக்கிற அத்தனை கேள்விக்கும் விடையில அப்பாஸ்ட்ரஃபி இருந்திருக்கும். கடையில விக்கிற இலக்கணப் புத்தகத்துலயும் அப்படித்தான், அந்தப் பாடத்துக்கு அந்தப் பயிற்சி. யாரோடதுன்னு யோசிச்சவனுக்கும் முழு மார்க். "எஸ் வந்தா மேல ஒண்ணு போடு"ன்னு மட்டும் புரிஞ்சுக்கிட்டவனுக்கும் அதே முழு மார்க். ரெண்டு பேரையும் அந்தத் தாள் பிரிச்சுக் காட்டாது. சொந்தமா எழுதச் சொன்ன அன்னிக்குத்தான் வெளிய வந்திருக்கு.

அதனால எங்க போடக்கூடாதுங்கிறதையும் சேர்த்துத்தான் நடத்தணும். பாதிக்கு மேல மேல் கமா தேவைப்படாத மாதிரி தாள் தயார் பண்ணுங்க. போர்டுல நான் எழுதுற வாக்கியம் இது:

ராஜா'ஸ் கோட் ஈட்ஸ் லீவ்ஸ்.

ராஜாவோட ஆடு இலைகளைத் தின்னுது. நாலு வார்த்தைதான், அதுல மூணுக்குக் கடைசியில எஸ். மூணும் வேற வேற வேலை பார்க்குது. குறியை எடுத்துட்டு எழுதிப் போடுங்க. ஒவ்வொரு எஸ்ஸையும் வட்டம் போட்டு, "இந்த எஸ்ஸைத் தமிழ்ல எப்படிச் சொல்லுவே?"ன்னு கேளுங்க. ராஜாகிட்ட இருக்கிற எஸ் "ஓட". லீவ்ஸ்ல இருக்கிறது "கள்". ஈட்ஸ் எஸ்ஸுக்குத் தமிழ்ல தனியாச் சொல்ல ஒண்ணும் வராது, முழிப்பாங்க. முழிக்க விடுங்க.

அப்புறம் ஆட்டை நாலாக்குங்க. ராஜா'ஸ் கோட்ஸ் ஈட் லீவ்ஸ். ஈட்ல இருந்த எஸ் போயிடுச்சு, கோட்டுக்கு ஒண்ணு வந்துடுச்சு. ராஜாவோட எஸ் மட்டும் குறியோட அப்படியே நிக்குது, ஏன்னா ஆடு எத்தனை ஆனாலும் ராஜாவோடதுதான். திரும்ப ஆட்டை ஒண்ணாக்குங்க. பிள்ளைகளையே வந்து அழிச்சு எழுதச் சொல்லுங்க. இந்த ஒரு வாக்கியத்துல ஒரு பீரியட் முழுசும் போகும், போகட்டும்.

மறுநாள்ல இருந்து தினம் காலையில அதே மாதிரி ஒரே ஒரு வாக்கியம், அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். உங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு மார்க்கெட்டை விட நல்ல பாடப் புத்தகம் ஏது? "மை ஃபாதர்'ஸ் ஷாப் செல்ஸ் டொமேட்டோஸ்." "மீனா'ஸ் அங்கிள் டிரைவ்ஸ் லாரீஸ்." கிளாஸ்ல இருக்கிற பேரா போடுங்க. தன் பேரு வந்த அன்னிக்கு எந்தப் பிள்ளையும் வேடிக்கை பார்க்காது.

"மை ஃபாதர் ஷாப்"னு ஏன் எழுதுறான்னு கேட்டீங்களே. வீட்டுல நாம பேசுறதே "அப்பா கடை", "மாமா வீடு", "அக்கா புக்"தானே? ஓட சொல்றதே கிடையாது. பிள்ளை அதை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோகுது. அதனால எழுதறதுக்கு முன்னாடி "அப்பாவோட கடை"ன்னு முழுசா வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க. சொல்லிட்டா எழுதிடும்.

தலைமேல குறி வைக்கிறதுக்கு வருவோம். நம்ம புள்ளி வெச்சுப் பழகின கை அது. க் எழுதுனா தலைமேல, ஸ் எழுதுனா தலைமேல. அதே கைதான் எஸ் தலைமேலயும் வைக்குது. நாலு கோடு நோட்டுல உட்கார வெச்சுச் சரி பண்ணுங்க. எஸ்ஸு நடுவுல ரெண்டு நீலக் கோட்டுக்குள்ள நிக்கும். குறி மேல சிவப்புக் கோட்டுல இருந்து தொங்கணும், முதல் நீலக் கோட்டைத் தாண்டி இறங்கக்கூடாது, எஸ்ஸுக்கு நேர் மேலயும் வரக்கூடாது. அதுக்குன்னு தனி இடம். ராஜா வரைக்கும் எழுதினதும் பென்சிலை எடுக்கச் சொல்லுங்க. கலர் பென்சிலால குறி. திரும்ப சாதாப் பென்சில், எஸ். கலர் பென்சில் மாத்துற அந்த நேரத்துல "ஓட இருக்கா?"ன்னு பிள்ளை தனக்குள்ள கேட்டுக்கும்.

அஞ்சாம் வகுப்புக்கு வேற ஒரு வேலை இருக்கு. அதைக் கேட்டீங்கன்னா எழுதுறேன்.

---

பிழைதிருத்தி

சாக்பீஸ் சார் சொன்னது அருமை. ஒரு இடத்துல மட்டும் இடறும். "ஓட" வந்தா குறின்னு பழக்கினா, "நான் ரவியோட விளையாடினேன்"லயும் ஓட வருதே? அங்க வித் ரவி. "ஐ ப்ளேட் ரவி'ஸ்"னு ஒருத்தனாவது எழுதுவான், நிச்சயம்.

"யாரோட?"ன்னு கேட்காம "யாரோடது?"ன்னு கேளுங்க. பை யாரோடது? ரவியோடது. விளையாட்டுக்கு அந்தக் கேள்வியே ஒட்டாது.

---

பழைய_சாக்பீஸ்

அடடே, ஆமா. யாரோடதுன்னே கேளுங்க டீச்சர்.

---

ரேய்னர்ஸ்லேன்_அம்மா

வணக்கம் டீச்சர். நான் லண்டனில இருக்கிறன், யாழ்ப்பாணம் சொந்த இடம். இங்க ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில உதவி ஆசிரியரா வேலை செய்யிறன். உங்கட கொப்பியில நடக்கிறது இங்க இங்கிலீஷிலயே கதைச்சு வளர்ந்த பிள்ளையளின்ர கொப்பியிலயும் நடக்குது. அதைச் சொல்லத்தான் எழுதுறன், நீங்கள் ஒண்டுக்கும் கவலைப்படாதேங்கோ.

2014இல இருந்து இங்க நடைமுறையில இருக்கிற பாடத்திட்டத்தில, ஒருமைக்குரிய குறி இரண்டாம் ஆண்டில வரும், ஆறு ஏழு வயதுப் பிள்ளையளுக்கு. த கேர்ள்'ஸ் நேம் எண்ட மாதிரி. பன்மைக்குரியது, த கேர்ள்ஸ்' நேம்ஸ், நாலாம் ஆண்டில. நடுவில ரெண்டு வருஷம் இடைவெளி விட்டிருக்கினம். பன்மை எஸ்ஸுக்கும் உடைமை எஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தையும் அந்த நாலாம் ஆண்டிலதான் தனியா எழுதி வைச்சிருக்கினம். அப்ப நாலாம் வகுப்புக்கு ஒரு கிழமையில எல்லாம் வந்திட வேணும் எண்டு நீங்கள் எதிர்பார்க்கத் தேவையில்லை.

எனக்கு ஒரு மனக்குறை இருக்கு. இரண்டாம் ஆண்டில டோன்'ட், கான்'ட், இட்'ஸ் மாதிரிச் சுருக்கத்துக்குப் போடுற குறியையும் உடைமைக் குறியையும் ஒண்டாக் குடுக்கினம். ஒரே குறி, ரெண்டு வேலை, ஆறு வயது. குழம்பாமல் என்ன செய்யும்? நீங்களாவது ரெண்டையும் ஒரு மாசம் தள்ளி நடத்துங்கோ.

பெரியாக்களும் இங்க ஒழுங்கில்லை. மரக்கறிக் கடைப் பலகையில ஆப்பிள்'ஸ், பொட்டேட்டோ'ஸ் எண்டு எழுதி வைக்கிறது இங்க பழைய பகிடி. மரக்கறிக்காரன்ர அப்பாஸ்ட்ரஃபி எண்டே அதுக்குப் பேர். டொமேட்டோ'ஸ் எழுதின உங்கட பெடியன் தனிய இல்லை. ரயிலிலயும் பாருங்கோ. பிக்கடில்லி லைனில ஏர்ல்'ஸ் கோர்ட் ஸ்டேஷனுக்குக் குறி இருக்கு, அடுத்தது பாரன்ஸ் கோர்ட், அதுக்குக் குறி இல்லை. நான் இருக்கிற ரேய்னர்ஸ் லேனுக்கும் இல்லை. என்ர மகன் சின்னனில ஒவ்வொரு ஸ்டேஷனிலயும் "அம்மா, இது பிழையோ சரியோ?" எண்டு கேட்டு என்னை வதைச்சவன்.

---

நாலாங்கிளாஸ்_டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி! ஆடு வாக்கியத்தை இன்னிக்குக் காலையிலயே போட்டுப் பார்த்தேன். ஆட்டை நாலாக்கினதும் "டீச்சர், எஸ்ஸு தாவிடுச்சு!"ன்னு ஒரே சத்தம், பக்கத்து ரூம்ல இருந்து எட்டிப் பார்த்துட்டாங்க. திஸ்ஸுக்குக் குறி போட்டவன் இன்னிக்குத் தானாவே கையைத் தூக்கி, "டீச்சர், திஸ் யாரோடதும் இல்ல"ன்னான்.

கேள்விகள் இன்னும் இருக்கு. "நாயோட வால்"னு ஒரு பிள்ளை டாக்'ஸ் டெயில் சரியா எழுதிட்டு, அடுத்த வரியில "அதோட வால்"க்கு இட்'ஸ் டெயில்னு எழுதுறா. யாரோடது, அதோடதுன்னு கேள்வியும் பொருந்துதே! நான் என்ன பதில் சொல்ல? மேஜையோட காலுக்கு டேபிள்'ஸ் லெக்னு எழுதினா விடலாமா? கிளாஸ்ல தாமஸ்னு ஒரு பையன் இருக்கான், அவன் பேருக்கே எஸ் இருக்கு. சாக்பீஸ் சார், அந்த அஞ்சாம் வகுப்பு விஷயத்தையும் சொல்லிடுங்க.

---

பழைய_சாக்பீஸ்

இட்ஸ்ஸுக்கு: ஹிஸ்ஸை எழுதிக் காட்டுங்க. "அவனோட"ன்னு அர்த்தம். நடுவுல குறி போட்டு ஹி'ஸ்னு எழுதுவியான்னு கேளுங்க, சிரிப்பாங்க. ஹிஸ், ஹெர்ஸ், இட்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தேர்ஸ் எல்லாம் ஒரே குடும்பம், ஒருத்தருக்கும் குறி கிடையாது. பேருக்குப் பதிலா வர்ற சொல்லுக்கு வேண்டாம், பேருக்குத்தான் வேணும். குறியோட இட்'ஸ் வந்தா அதை இட் இஸ்னு விரிச்சு வாசிக்கச் சொல்லுங்க. "த டாக் வேக்ஸ் இட் இஸ் டெயில்"னு வாசிச்சா அந்தப் பொண்ணே நிறுத்திடுவா. ஆனா இதை இப்ப நடத்தாதீங்க. லண்டன் அம்மா சொன்ன மாதிரி தள்ளிப் போடுங்க. நோட்டுல வந்தா நீங்களே திருத்திட்டுப் போயிடுங்க.

டேபிள்'ஸ் லெக் பெரிய குத்தமில்ல. த லெக் ஆஃப் த டேபிள்னு எழுதுறதுதான் வழக்கம். ஆளு, மிருகம், ஊரு, நாள் இதுகளுக்குக் குறியோட வரும்: இந்தியா'ஸ், டுடே'ஸ். நாலாம் வகுப்புல உங்க எடுத்துக்காட்டையே ஆளுலயும் ஆட்டுலயும் நிறுத்திக்கிட்டா மேஜை வராது.

தாமஸுக்கு தாமஸ்'ஸ்னும் எழுதலாம், தாமஸ்'னு குறியோட நிறுத்தவும் செய்யலாம், ரெண்டும் புழக்கத்துல இருக்கு. லண்டன்ல இருக்கிற செயின்ட் ஜேம்ஸ்'ஸ் பார்க்குல குறிக்குப் பின்னாடி இன்னொரு எஸ். நியூகாசில் ஃபுட்பால் மைதானம் செயின்ட் ஜேம்ஸ்' பார்க், அங்க குறியோட சரி. நம்ம செயின்ட் தாமஸ் மவுண்ட்ல குறியே கிடையாது. நீங்க ஒண்ணைத் தேர்ந்தெடுத்து வருஷம் முழுக்க அதையே வெச்சுக்கோங்க. நான்னா எஸ் சேர்த்தே எழுதச் சொல்லுவேன். வாயில "தாமஸஸ்"னுதான வருது.

இப்ப அஞ்சாம் வகுப்பு. பன்மைக்கு எஸ்ஸுக்கு முன்னாடி, பின்னாடின்னு விதி சொல்லாதீங்க. சொந்தக்காரரை முழுசா எழுது, அப்புறம் குறி. இவ்வளவுதான். பாய்ன்னா ஒரு பையன். பாய்ஸ்னா நிறையப் பேர். யாரோ அவங்களை முழுசா எழுதி முடிச்சதும் குறி வை. ஏற்கெனவே பன்மை எஸ்ஸு இருந்தா இன்னொண்ணு வேண்டாம், இல்லேன்னா ஒண்ணு போடு. தமிழ்லயும் அப்படித்தானே பண்றோம்? பையன்கள்னு முழுசாச் சொல்லிட்டுத்தான் ஓட சேர்க்கிறோம்.

சரிபார்க்க, குறியையும் அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதையும் கட்டைவிரலால மறைக்கணும். மிச்சம் தெரியுறதுதான் சொந்தக்காரர். செப்டம்பர் 5க்கு சார்ட் எழுதுவீங்கல்ல, அதுலயே பாருங்க. டீச்சர்ஸ்' டே. மறைச்சா டீச்சர்ஸ், எல்லா டீச்சருக்கும் உள்ள நாள். குறியை முன்னாடி போட்டா டீச்சர் ஒருத்தர்தான் மிஞ்சுவார். நவம்பர் 14க்கு சில்ட்ரன்'ஸ் டே. குறியைத் தள்ளி சில்ட்ரன்ஸ்'னு எழுதின சார்ட்டை நான் எத்தனையோ விழாவுல பார்த்திருக்கேன், மேடைக்குப் பின்னாடி தெர்மாக்கோல்ல வெட்டியே ஒட்டியிருப்பாங்க. மறைச்சுப் பார்த்தா சில்ட்ரன்ஸ்னு நிக்கும். சில்ட்ரனே பன்மை, அதுக்கு மேல எஸ் எதுக்கு? விமன்'ஸ் டேயும் அதே மாதிரி. இந்த மூணு நாளையும் பிள்ளைகளே மறைச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சாச்சுன்னா அஞ்சாம் வகுப்புக்கு அது போதும்.

---

பிழைதிருத்தி

வீட்டுப்பாடமா கடைப் பொருள், போர்டு, வண்டி ஸ்டிக்கர்ல குறி தேடிட்டு வரச் சொல்லலாம் மேடம். லேஸ் சிப்ஸ் பாக்கெட்ல குறி இருக்கும். லேங்கிறது அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரோட பேரு. ஹார்லிக்ஸும் ஹார்லிக்ங்கிற அண்ணன் தம்பி பேர்ல வந்ததுதான், ஆனா பாட்டில்ல குறி இருக்காது. பைக் பின்னாடி "மாம்'ஸ் கிஃப்ட்", "டாட்'ஸ் கிஃப்ட்" நிறையக் கிடைக்கும், அதுல பாதி குறி இல்லாமத்தான் இருக்கும். பிள்ளைகளே பிழை கண்டுபிடிக்கட்டும், ஆசையாச் செய்வாங்க.

பிள்ளைகளைத் திட்டத் தோணுச்சுன்னா ஒண்ணை நினைச்சுக்கோங்க. 1623ல லண்டன்ல அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்போட முகப்புலயே அவர் பேருக்கு அடுத்து வெறும் எஸ்தான் இருக்கு, குறி கிடையாது. உடைமைக்கு இதைப் போடுறது இங்கிலீஷ்ல பொது வழக்கமா நிலைச்சது அதுக்கு அப்புறம்தான். பழைய இங்கிலீஷ்ல உடைமைக்கு இஎஸ்னு ரெண்டு எழுத்து வந்துச்சு, அதுல இ விழுந்த இடத்துல நிக்கிறதுதான் இந்தக் குறின்னு சொல்லுவாங்க. அப்படிப் பார்த்தா லண்டன் அக்கா குறைப்பட்ட அந்த ரெண்டு வேலையும் ஆதியில ஒரே வேலைதான். அதுக்காக ஆறு வயசுல ரெண்டையும் சேர்த்து நடத்தணும்னு நான் சொல்லல!

---

மதுரைக்காரன்_77

எங்க வாத்தியார் அடிச்ச அடியில எனக்கு இட்ஸ் மட்டும் இன்னிக்கும் சந்தேகம்தான். இங்க வந்து இப்பத்தான் தெளிஞ்சுது.

---

நாலாங்கிளாஸ்_டீச்சர்

ஹாஹா சார்! கடைசியா ஒண்ணு. இப்ப திருத்த வேண்டிய அந்த "மை வில்லேஜ்" நோட்டு எல்லாத்துலயும் சிவப்பு மையால வட்டம் போட்டா பக்கமே சிவந்துடும். என்ன பண்ணட்டும்?

---

பழைய_சாக்பீஸ்

வட்டமே போடாதீங்க. ஒவ்வொரு நோட்டுலயும் குறி சரியா விழுந்த ஒரே ஒரு இடத்தைத் தேடி டிக் போடுங்க, ஒண்ணாவது இருக்கும். பக்கத்தோட அடியில "தேவையில்லாத குறி 4"ன்னு எண்ணிக்கை மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க. எந்த நாலுன்னு சொல்லாதீங்க. பக்கத்துப் பிள்ளையோட சேர்ந்து ரப்பரை வெச்சுக்கிட்டு அதுகளே தேடி அழிக்கட்டும். அழிச்சதுக்கு அப்புறம் கொண்டுவந்து காட்டினா, திருத்தின பக்கத்துக்குத்தான் மார்க்.

மை ஃபாதர் ஷாப் எழுதின பிள்ளைகளை மட்டும் தனியாக் கூப்பிட்டு வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்க. விட்டுப்போனதை ரப்பர் தேடித் தராது.